அரசே சம்பளத்தை நிர்ணயித்தால் சங்கத்துக்கு என்ன வேலை மிஞ்சும்?

இரண்டாம்_ஷிப்ட்:

தோழர்களுக்கு வணக்கம். எங்கள் சங்கப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. ஆலை ஆலையாக நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசுவதை நிறுத்திவிட்டு, தொழில் முழுவதற்கும் ஒரே சம்பளத்தை அரசே ஆணை போட்டு நிர்ணயிக்கக் கோருவோம் என்பதுதான் அதன் சாரம். நான் செயற்குழுவில் இருக்கிறேன். எந்தப் பக்கம் கை தூக்குவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது அட்டைப்பெட்டித் தொழில். பெரிய ஆலைகளில் சங்கம் பலமாக இருக்கிறது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, இரவு ஷிப்டுக்குத் தனிப்படி, விடுப்பு எல்லாமே ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஆனால் அதே பெட்டியைச் செய்யும் சிறு பட்டறைகள் நிறைய. அங்கே சங்கம் கிடையாது. சந்தா ரசீது வாங்கியவர் யார் என்று முதலாளிக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் அவருக்கு வேலை இருக்காது. நாங்கள் பேசிச் சம்பளத்தை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் நிர்வாகம் ஆர்டரில் ஒரு பகுதியை அந்தப் பட்டறைகளுக்குத் தள்ளிவிடுகிறது. போன பேச்சுவார்த்தையில் எங்கள் மேலாளர் இதை ஒளிக்கவே இல்லை. "வெளியில் இதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் இருக்கிறது, எவ்வளவு தூரம் ஏறுவீர்கள் என்று நீங்களே பாருங்கள்" என்றார்.

தீர்மானத்தைக் கொண்டுவருபவர்கள் நல்ல தோழர்கள். பட்டறைத் தொழிலாளியை விட்டுவிட்டு நாம் மட்டும் மேலே போக முடியாது என்கிறார்கள். அது நியாயம்தான். எதிர்ப்பவர்களோ, சம்பளத்தை அமைச்சர் கையில் கொடுத்துவிட்டால் அடுத்த தேர்தலுக்கு அப்புறம் வேறு அமைச்சர் அதையே திருப்பி எடுப்பார், அதற்குள் சந்தா கட்டவும் வாயிற்கூட்டத்துக்கு வரவும் ஆள் இருக்காது என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

வேறு நாடுகளில், வேறு காலங்களில் இது எப்படி நடந்தது? அரசு சம்பளத்தில் தலையிட்ட இடங்களில் சங்கமும் நிர்வாகமும் பேசி முடிவெடுக்கும் கூட்டுப் பேரம் செத்துப்போனதா, பிழைத்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொள்கை விளக்கத்தைவிட நடந்தது என்ன என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

கணக்கு_நோட்டு:

என் ஓட்டு தீர்மானத்துக்கு ஆதரவாக. பேரம் பேச இரண்டு பக்கமும் ஓரளவாவது பலம் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் அந்தப் பத்துப் பேருக்கும் முதலாளிக்கும் நடப்பதைச் சுதந்திரமான பேரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே சம்பளம் பேசுவது சங்கமும் முதலாளிகள் அமைப்பும்தான், அரசு உள்ளே வரக்கூடாது என்பது அரசியல் சட்டத்திலேயே வேர்விட்ட கொள்கை. உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் பற்றி நீண்ட காலம் தயங்கியது. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் துப்புரவு, உணவகம், முடிதிருத்தகம் போன்ற துறைகளில் ஒப்பந்தத்தின் நிழலே படாத தொழிலாளர் கூடிக்கொண்டே போனார்கள். சேவைத் துறைச் சங்கமான வெர்டி விடாமல் கேட்டது. கடைசியில் 2015 ஜனவரியில் மணிக்கு 8.50 யூரோ சட்டமானது. ஐ.ஜி. மெட்டால் அதனால் அழிந்துவிடவில்லை. இன்றும் பேசுகிறது, வேலைநிறுத்தம் செய்கிறது.

ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. கை தூக்குங்கள்.

மேசைக்கு_இந்தப்_பக்கம்:

தோழர், நான் ஓய்வுபெறும்வரை தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசியவள். உங்கள் கேள்வி எங்கள் காலத்திலும் சங்கங்களைப் பிளந்த கேள்விதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு நோட்டு சொன்ன ஜெர்மன் கதை சரி. ஆனால் அங்கே வந்தது தரை, அதாவது சம்பளம் இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை மட்டும். உங்கள் தீர்மானம் கேட்பது அதுவல்ல. "பேசுவதை நிறுத்திவிட்டு" என்று அதில் ஒரு தொடர் இருக்கிறதே, எனக்கு உறுத்துவது அந்த ஒன்றுதான்.

முதலில் அரசு ஆணை எப்படித் தொழிலாளியின் கைக்கு வருகிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் 1909ல் தொழில் வாரியச் சட்டம் வந்தது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். கூலி மிகக் குறைவாக இருந்த நான்கு தொழில்களை மட்டும் எடுத்து, முதலாளி, தொழிலாளி, பொதுவானவர்கள் சேர்ந்த வாரியங்கள் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் என்றார்கள். அதில் ஒன்று சங்கிலி செய்யும் தொழில். கிரேட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் உலை வைத்து இரும்பைக் காய்ச்சி அடித்துச் சங்கிலி செய்துகொண்டிருந்தார்கள். வாரியம் அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்னி என்று அறிவித்தது. வாங்கிக்கொண்டிருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சட்டம் வந்தாயிற்று, வாரியம் உட்கார்ந்தாயிற்று, கூலியும் அறிவித்தாயிற்று. ஆனால் பணம் வரவில்லை. ஏனென்றால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. தொழிலாளி தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே தரலாம். முதலாளிகள் தாளை நீட்டினார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள் பலர் என்னவென்று புரியாமலேயே குறி போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம்தான் மேரி மக்கார்தர் தலைமையிலான பெண் தொழிலாளர் சங்கம் களத்தில் இறங்கியது. 1910ல் சுமார் பத்து வாரம் அந்தப் பெண்கள் உலையை மூட்டவில்லை. நாடெங்கிலுமிருந்து நிதி வந்தது. அக்டோபரில் கடைசி முதலாளியும் கையெழுத்திட்டார். மிஞ்சிய போராட்ட நிதியில் அந்த ஊரில் தொழிலாளர் மன்றக் கட்டடமே எழுப்பினார்கள்.

அரசு கூலியை நிர்ணயித்தது. அதை வாங்கிக் கொடுத்தது சங்கம். ஆய்வாளர் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் ஒவ்வொரு பட்டறைக் கூலிப் பட்டியலையும் அவர் தினமும் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர் அங்கே வேலை செய்பவர் மட்டும்தான். அவர் வாய் திறந்தால் பின்னால் நிற்க ஓர் அமைப்பு வேண்டும். உங்கள் சங்கம் பேச்சுவார்த்தையைக் கைவிட்டால் அந்த அமைப்பு எதைச் சொல்லி ஆள் சேர்க்கும்? நான் பார்த்தவரையில் ஒப்பந்தம் பேசும் ஆண்டில் சந்தா தானாக வரும். மற்ற ஆண்டுகளில் வீடு வீடாகப் போய்த்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து உண்டு. சம்பளத்தை உயர்த்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால், அடக்கும் அதிகாரமும் அதோடு சேர்ந்தே போகிறது. அதே பிரிட்டனில், சங்கங்களே பெற்றெடுத்த தொழிற்கட்சியின் ஆட்சி 1966ல் ஆறு மாதத்துக்குச் சம்பளத்தை உறைய வைத்தது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்து அமைச்சரவைக்குப் போன ஃபிராங்க் கசின்ஸ், சம்பளத்தைக் கட்டுப்படுத்த அரசு கொண்டுவந்த மசோதாவை ஏற்க முடியாமல், அதற்குச் சற்று முன்பே பதவியை விட்டுவிட்டுச் சங்கத்துக்கே திரும்பினார். 1978ல் அதே கட்சியின் காலகன் அரசு சம்பள உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. ஃபோர்டு தொழிலாளர்கள் பல வாரம் வேலைநிறுத்தம் செய்து 17 சதவீதம் வாங்கினார்கள். வரம்பை மீறிய நிறுவனத்துக்குத் தண்டனை விதிக்க அரசு முயன்றபோது நாடாளுமன்றமே மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் லாரி ஓட்டுநர், மருத்துவமனை ஊழியர், குப்பை அள்ளுபவர் என்று வரிசையாக வேலைநிறுத்தம். மே மாதத் தேர்தலில் அந்த அரசு போயிற்று. அமெரிக்காவில் தொழிலாளர் கட்சி எதுவும் ஆளவில்லை. குடியரசுக் கட்சியின் நிக்சன்தான் 1971 ஆகஸ்டில் 90 நாளுக்கு விலையையும் சம்பளத்தையும் சேர்த்து உறைய வைத்தார். கட்சி எதுவானாலும் விலைவாசி ஏறும் காலத்தில் அரசின் கை முதலில் சம்பளத்தை நோக்கித்தான் நீளும். அதைத் தடுக்கச் சட்டப் புத்தகம் மட்டும் போதாது.

இந்தியாவிலும் இதே சண்டை அமைச்சரவைக்குள்ளேயே நடந்தது. நேருவின் தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். தகராறு என்றாலே தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் கட்டாயத் தீர்ப்பு முறை இரு தரப்பையும் பேசவிடாமல் கெடுக்கிறது, சங்கத்தை வளரவிடாது என்று வாதாடினார். அவர் கருத்து எடுபடவில்லை. 1954ல் வங்கி ஊழியர்களுக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பையே அரசு குறைத்து மாற்றியது. கிரி ராஜினாமா செய்தார். பேசித் தீர்த்துக்கொள்ளாமல் மூன்றாமவரிடம் ஒப்படைத்தால், அவர் கொடுத்ததை நான்காமவர் வந்து திருத்தவும் முடியும். வங்கி ஊழியர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

அரசு எழுதும் சம்பளத்தில் அந்தக் காலத்துப் பாரபட்சமும் சேர்ந்தே பதிவாகிவிடும். ஆஸ்திரேலியாவில் 1907ல் நீதிபதி ஹிக்கின்ஸ் கொடுத்த ஹார்வெஸ்டர் தீர்ப்பு உலகப் புகழ் பெற்றது. முதலாளியின் லாப நஷ்டத்தைப் பார்க்காமல், நாகரிகச் சமூகத்தில் வாழும் மனிதனின் தேவையை வைத்துக் கூலி கணக்கிட வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு 7 ஷில்லிங். அருமையான தீர்ப்புதான். ஆனால் அந்தக் கணக்கு ஒரு ஆண், மனைவி, பிள்ளைகள் என்று போடப்பட்டது. சம்பாதிக்கும் பெண் அதில் இல்லை. 1919ல் பெண்ணுக்கு ஆணின் அடிப்படைக் கூலியில் சுமார் 54 சதவீதம் என்று நிலைநிறுத்தினார்கள். ஆலை ஒப்பந்தத்தில் இப்படி ஓர் அநியாயம் இருந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் சண்டை போட்டு மாற்றலாம். நாடு முழுக்க ஒரே தீர்ப்பாக இருந்ததால் அதை அசைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பெண்கள் நிறைய வேலை செய்யும் தொழிலில் இருந்தவள் என்பதால் இதை நான் மறப்பதே இல்லை.

இவ்வளவும் சொன்னதால் அரசு விலகி நிற்கட்டும் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்வீடனைக் காட்டி அப்படிப் பேசுபவர்கள் உண்டு. அங்கே சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே கிடையாது, ஆனாலும் பத்தில் ஒன்பது தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்கள். 1938ல் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து ஆட்ட விதிகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் குறைந்தபட்ச ஊதிய ஆணையைக் கொண்டுவந்தபோது ஸ்வீடனும் டென்மார்க்கும் எதிர்த்து வாக்களித்தன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அந்த ஊர்ச் சட்டம் சம்பளத்தைத் தொடாவிட்டாலும் தொழிலாளியின் கையைக் கட்டவில்லை. 2023 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தபோது மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். துறைமுகத் தொழிலாளர் அந்தக் காரை இறக்க மறுத்தார்கள், மின் பணியாளர் பழுது பார்க்க மறுத்தார்கள், தபால்காரர்கள் எண் பலகையைக் கொண்டுபோக மறுத்தார்கள். அங்கே இந்த ஆதரவு வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லும். அமெரிக்காவில் 1947ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இதைப் பெருமளவு தடுத்துவிட்டது. பேரம் சுதந்திரமாக நடக்கிறதா இல்லையா என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது, தன் பேனா சம்பள எண்ணை எழுதாத இடத்திலும்கூட.

உங்கள் பட்டறைச் சிக்கலுக்கு மிக நெருக்கமான உதாரணம் பிரான்ஸ். அங்கே சங்கத்தில் இருப்பவர்கள் பத்துக்கு ஒருவர் அளவுதான். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒப்பந்தச் சம்பளம் உண்டு. எப்படி? சங்கங்களும் முதலாளிகள் அமைப்பும் ஒரு துறைக்கு ஒப்பந்தம் போட்டால், தொழிலாளர் அமைச்சகம் அதை அந்தத் துறை முழுவதற்கும் நீட்டிவிடலாம். மேசையில் உட்காராத பட்டறை முதலாளியையும் அது கட்டுப்படுத்தும். எண்ணை எழுதியது பேரம், முத்திரை குத்தியது அரசு.

தீர்மானத்தை அப்படியே தோற்கடிக்காதீர்கள். அதன் பின்னால் இருக்கும் பட்டறைத் தொழிலாளி உண்மையானவர். திருத்தம் கொண்டுவாருங்கள்.

சிறு_பட்டறை:

நான் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டறை முதலாளிகளில் ஒருவன். வேறு தொழில், ஆனால் நிலைமை அதேதான். ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கூலி கூட்டிக் கொடுக்க எனக்கும் விருப்பம்தான். நான் கூட்டினால் பக்கத்துப் பட்டறை கூட்ட வேண்டியதில்லை, ஆர்டர் அங்கே போகும். ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம் எங்கள் எல்லோரையும் ஒரே விலைப்புள்ளியில் மோதவிடுகிறது. எனவே எல்லோருக்கும் ஒரே தரை என்றால் எனக்குச் சம்மதம். அது சட்டமாக வந்தாலும் சரி, துறை ஒப்பந்தமாக வந்தாலும் சரி.

ஆனால் அம்மா சொன்ன பிரெஞ்சு முறையில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. பெரிய ஆலையும் பெரிய சங்கமும் உட்கார்ந்து தங்களுக்குத் தோதாக ஒரு சம்பளத்தை எழுதி, அதை என் தலையில் நீட்டினால், போட்டியிலிருந்து என்னைத் துடைத்துப்போட அவர்களுக்கு அதுவே வழியாகிவிடும். இயந்திரத்தில் இயங்கும் ஆலைக்குச் சம்பளம் செலவில் ஒரு சிறு பங்கு. எனக்கு அதுதான் பெரும் பங்கு. மேசையில் எனக்கும் நாற்காலி இருந்தால்தான் அந்த எண்ணை நான் மதிக்க முடியும். அதோடு, ஆர்டர் கொடுப்பவர் தரும் விலையைப் பற்றி யாருமே பேசவில்லையே? என் கூலிச் செலவை முடிவு செய்வது அங்கேதான்.

இரண்டாம்_ஷிப்ட்:

எல்லோருக்கும் நன்றி. சிறு பட்டறை ஐயா, நீங்கள் எழுதியதை எங்கள் செயற்குழுவில் அப்படியே படித்துக் காட்டப்போகிறேன். எங்கள் நிர்வாகமும் அதே போலத்தான் பட்டறைகளை மோதவிடுகிறது. இத்தனை நாளாக அதைப் பட்டறைக்காரர்களின் தவறாகவே பேசி வந்தார்கள்.

தோழர் அம்மா, திருத்தம் என்றால் எப்படி எழுதுவது? தரை என்று மட்டும் போட்டால், "அரசு தரை போட்டுவிட்டது, இனி அதற்கு மேல் எதற்கு" என்று நிர்வாகம் தரையையே கூரையாக்கிவிடும் என்கிறார்கள் எங்கள் மூத்தவர்கள். அது நடக்குமா?

மேசைக்கு_இந்தப்_பக்கம்:

நடக்கும். மேசையில் அது கட்டாயம் வரும் வாதம். அதனால் திருத்தத்தில் தரையையும் அதற்கு மேல் பேசும் உரிமையையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுங்கள், பிரித்து எழுதினால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். "அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் எந்த ஒப்பந்தத்தையும் குறைக்காது, எந்தப் பேச்சுவார்த்தைக்கும் வரம்பாகாது" என்பது போல.

தரை தானாக நகரும் வழியையும் கேளுங்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. சட்டம் இருக்கிறது, விலைவாசி அதைத் தின்றுவிட்டது. பஞ்சப்படி போல விலைக் குறியீட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். அப்போது அமைச்சரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஜெர்மனியில் இதற்கென்று ஆணைக்குழு இருந்தும், 2022ல் நாடாளுமன்றமே அதைத் தாண்டிப்போய் 12 யூரோ என்று சட்டம் போட்டது. அன்று அது தொழிலாளிக்கு நல்லது. ஆனால் மேலே தாண்டிய கால் இன்னொரு நாள் கீழேயும் தாண்டும்.

அப்புறம் துறை ஒப்பந்தத்தை நீட்டும் ஏற்பாடு. சிறு பட்டறை சொன்ன அச்சம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். சிறு முதலாளிகள் அமைப்புக்கும் பட்டறைத் தொழிலாளர் பிரதிநிதிக்கும் மேசையில் இடம் என்று எழுதுங்கள். ஆர்டர் கொடுக்கும் நிறுவனம் ஒப்பந்தக் கூலிக்குக் கட்டுப்படியாகாத விலைக்கு வேலை கொடுக்கக் கூடாது, பட்டறையில் கூலி பாக்கி விழுந்தால் அதற்கும் பொறுப்பு என்ற கோரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, உங்கள் மேலாளரின் பேச்சுக்கு நேரடிப் பதிலும் அதுவே.

"பேசுவதை நிறுத்திவிட்டு" என்ற தொடரை மட்டும் எந்தச் சமரசத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் நீக்கச் சொல்லுங்கள். திருத்தத்தை எழுத்தில் தயார் செய்து, வழிமொழிபவரின் கையெழுத்தோடு, பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த வழிமொழிபவர் தீர்மானத்தைக் கொண்டுவரும் தோழர்களில் ஒருவராகவே கிடைத்தால் இன்னும் நல்லது. இன்றைக்கே போய் அவர்களிடம் பேசுங்கள்.